குளத்தார் வீட்டுக் குளம்

வீட்டுத் தோட்டத்தில் குளம் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அவர் குளத்தார். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அது அவருடைய மனைவிக்கே வங்கிக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும். அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹார்டுவேர் கடையில். ஆணி, பெயின்ட், கதவு, பாத்ரூம் சாமான் எல்லாவற்றையும் தாண்டிப் போனால், பின்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட இடத்தில் தோட்டப் பிரிவு. அதன் கடைசி மூலையில், பம்புகளுக்கும் ஃபில்டர்களுக்கும் நடுவே, பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு குளத்தார் நிற்பார்.

ஜனங்கள் அவரிடம் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். பச்சைத் தண்ணீர், டிகாக்ஷன் மாதிரி பழுப்புத் தண்ணீர், அடியில் ஏதோ நெளிகிற தண்ணீர். அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். லேசாக ஆட்டுவார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். பிறகு "ம்ம்" என்பார். அந்த ஒரு 'ம்ம்' காதில் விழுந்ததுமே வந்தவர் முகத்தில் பாதிக் கவலை வடிந்துவிடும்.

"பம்ப் பத்தாது" என்பார் குளத்தார். எந்த நிறத் தண்ணீராக இருந்தாலும் பம்ப் பத்தாது. அதற்கு மேல் தண்ணீர் தெளியச் சொட்டு மருந்து ஒரு புட்டி. ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைத் தினமும் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அலசிப் பிழிந்து, புதுசு மாதிரி ஆக்கி மாட்ட வேண்டும். தண்ணீர் தெளியவில்லையென்றால் அடுத்த சைஸ் பம்ப்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தலையில் மிளகாய் அரைக்கிற ஜாதியே இல்லை. பெட்டிகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த அத்தனையையும் படித்து, அத்தனையையும் நம்பி, நம்பியதை அக்கறையோடு எடுத்துச் சொன்னவர். ஒரே ஒரு குறை. அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி ஃபிளாட்டில். பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்தால் ஆள் நிற்க இடம் கிடையாது. குளம் என்ற ஒன்றில் அவர் விரலை நனைத்ததுகூட இல்லை.

ஆனால் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு முறை வந்தவர் மறு மாதமும் வருவார், வேறொரு பாட்டிலோடு. நம்பிக்கை இல்லாமலா வருவார்கள் என்று குளத்தாருக்குப் பெருமை பிடிபடாது. கடை முதலாளியும் அதே கட்சி. வருஷா வருஷம் எந்தப் பிரிவில் விற்பனை ஏறியது என்று பார்த்தால், குளத்தாரின் மூலைதான் முன்னால் நிற்கும்.

அவர் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சிகரமாக ஒருவர் இருந்தார்: பல் டாக்டரம்மா. அவரும் மற்றவர்களைப் போல மாதம் தவறாமல் வருவார், சொன்னதையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் வாங்குவார். ஒரு நாள் ஃபோனில் தன் குளத்தைப் படமெடுத்துக் காட்டினார். மீன்கள் தண்ணீரில் நீந்துகின்றனவா காற்றில் தொங்குகின்றனவா என்று சொல்ல முடியாது, அவ்வளவு தெளிவு. அன்றிலிருந்து சந்தேகப்படுகிற எல்லோரிடமும் குளத்தார் ஒன்றே சொன்னார்: "பல் டாக்டரம்மா குளத்தப் போய்ப் பாருங்க. முழுக்க முழுக்க நம்ம சாமான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் வீடு மாறினார்கள். தரைத்தளம், பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். அவர் மனைவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிற காதுக்குத் தண்ணீர்ச் சத்தம் இதமாக இருக்கும் என்று அவருக்கு ஓர் ஆசை.

"ஊரெல்லாம் குளம் வெட்டச் சொல்லித் தர்றீங்க. நம்ம வீட்டுல ஒண்ணு வெட்டினா என்ன?" என்றார்.

குளத்தாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அடுத்த விடுமுறை நாளிலேயே மச்சினன் மண்வெட்டியோடு வந்து இறங்கினான். மனைவியின் தம்பி, பேக்கரியில் மாவு பிசைகிறவன். அவன் கைக்கு அந்த மண் மாவு மாதிரி. மதியத்துக்குள் ஆள் இடுப்பளவுக் குழி தயாராகிவிட்டது. வெட்டிய மண்ணை ஒரு மூலையில் குவித்துக் கல் அடுக்கி, அதுதான் அருவி என்று முடிவாயிற்று. கருப்பு ரப்பர் ஷீட்டை விரித்து, ஓரத்தில் பலகைக்கல் வைத்து அழுத்தினார்கள். பம்பை எங்கே வைப்பது என்று மச்சினன் கேட்டான். அருவிக்கு நேர் கீழே, அப்போதுதான் பைப் மிச்சமாகும் என்றார் குளத்தார். போட்ட அந்தக் கொஞ்சப் பைப்பும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கல்லுக்குப் பின்னால் வளைத்து வளைத்து, திருப்பத்துக்கு ஓர் எல்போ மூட்டு வைத்துக் கொண்டுபோனார். பெரிய பைப் அசிங்கமாக இருக்கும் என்று சின்னதாகப் போட்டார். மேலே ஃபில்டர் பெட்டி, அதற்குள் புத்தம் புது ஸ்பாஞ்ச்.

சுவிட்சைப் போட்டார்கள். கல் இடுக்கிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கோடாக வழிந்தது.

மச்சினன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "அத்தான், இது அருவியா, இல்ல யாராவது குழாய சரியா மூடாமப் போயிட்டாங்களா?"

பம்ப் பத்தாது என்று குளத்தாருக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் கடையிலிருந்து அடுத்த சைஸ் வந்தது. ஒல்லிப் பைப்பும் அத்தனை எல்போவும் அந்த வேகத்தைத் தாங்குமா? ஓர் எல்போ கழன்றுகொண்டு, தண்ணீர் மதில் தாண்டிப் பீய்ச்சியடித்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளையெல்லாம் நனைத்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். துவைத்த துணியை இரண்டாம் முறை அலசிக் கொடுத்ததற்கு நன்றி என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு வால்வை மாட்டி வேகத்தைக் குறைத்தார்கள். தங்கமீன்களை விட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதான் குளத்தார் நினைத்தார்.

தண்ணீர் முதலில் மங்கியது. பிறகு பச்சை பூத்தது. பிறகு கீரைக் கடைசல் மாதிரி ஆகி, மீன் இருக்கிறதா என்பதே நம்பிக்கை சார்ந்த விஷயமாகிவிட்டது. குளத்தார் தன் வாயால் பிறருக்குச் சொன்ன ஒன்றையும் விடவில்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தார். சொட்டு மருந்து ஊற்றினார். தண்ணீர் நுரைத்தது, நுரைக்கு வேறொரு மருந்து ஊற்றினார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவை பசியில் கேட்கின்றன என்று மேலும் தீனி போட்டார். ஒன்றிரண்டு மீன்கள் மல்லாந்தன. அவற்றை மனைவி பார்க்கும் முன் எடுத்துப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

போதாததற்குத் தண்ணீரும் குறைய ஆரம்பித்தது. காலையில் நிரப்பினால் மாலையில் ஷீட்டின் ஓரம் ஒரு சாண் வெளியே தெரியும். ஷீட் ஓட்டை என்று தீர்மானித்து, இருக்கிற மீன்களைக் குளியல் தொட்டிக்கு மாற்றிவிட்டு, குளம் முழுவதையும் இறைத்துக் கொட்டினார். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குழிக்குள் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஓட்டை அகப்படவில்லை. குளிக்க முடியாத கோபத்தோடு தோட்டத்துக்கு வந்த மனைவி, அருவிப் பக்கம் கால் வைத்ததும் செருப்பு சேற்றில் புதைந்தது.

"இந்தப் பக்கம் மட்டும் ஏங்க எப்பவும் சொதசொதன்னு இருக்கு?"

கல்லில் விழுந்து தெறிக்கிற தண்ணீரெல்லாம் ஷீட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்லைத் தள்ளி வைத்ததும் அந்தக் குறை தீர்ந்தது. மனைவி சேற்றுச் செருப்பைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

யாரிடமாவது கேட்கலாம். ஆனால் யாரிடம்? கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் பிறர் பாட்டிலைப் பார்த்து 'ம்ம்' சொல்லிவிட்டு, சாயங்காலம் தன் கீரைக் குளத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அவருக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் லீவு போட்டார். ஒரு பாட்டிலில் தன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு கடைக்குப் போனார். அங்கேயும் ஒரு மூலை இருந்தது. அங்கேயும் ஒருவர் ஏப்ரனோடு நின்றார். அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஆட்டினார். மோந்தார். "ம்ம்" என்றார்.

குளத்தாருக்கு உடம்பெல்லாம் லேசானது. எத்தனை காலமாக மனிதர்கள் தன்னிடம் இதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது. அந்த ஆள் பம்ப் பத்தாது என்றார். ஸ்பாஞ்சைத் தினமும் அலசச் சொன்னார். சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். குளத்தார் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான், மடியில் இருந்த பம்ப் தன் கடையில் தானே அடுக்கிவைத்த அதே பம்ப் என்பது கண்ணில் பட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி வேன் சாவியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "அப்ப நீங்க வழக்கமா சொல்றத, காசு குடுத்து இன்னொருத்தர் வாயால கேட்டுட்டு வந்திருக்கீங்க."

"அவர் சொன்னப்ப சரியாத்தான் இருந்துச்சு" என்றார் குளத்தார்.

"உங்க பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் எப்படித் தெளியுது? போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

அதுதான் அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் போய்ப் பார்க்கச் சொன்ன குளத்தை அவர் போய்ப் பார்த்ததில்லை. அடுத்த வாரம், கடையிலிருந்து இலவசச் சர்வீஸ் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு, டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

டாக்டரம்மாவுக்கு முகம் ஏனோ வெளிறியது. வாங்க சார், உட்காருங்க சார், காபி சாப்பிடுங்க சார் என்று முன்னறையிலேயே அவரை நிறுத்திவைக்கப் பார்த்தார். குளத்தாரோ நேரே தோட்டத்துக்கு நடந்தார்.

படத்தில் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். ஆனால் அவர் கொடுத்த எதையும் அங்கே காணவில்லை. ஒரு கோடியில் சின்னஞ்சிறு பம்ப். அதிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பைப், ஓர் எல்போகூட இல்லாமல், அகலமாக வளைந்து வேலியோரம் நின்ற பழைய நீல டிரம்முக்குள் போனது. டிரம்மிலிருந்து வழிந்த தண்ணீர் குளத்தின் மறுகோடியில் சத்தமில்லாமல் இறங்கியது.

"நம்ம சாமான்?" என்றார் குளத்தார்.

டாக்டரம்மா தோட்டத்துக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே குளத்தார் விற்ற பம்புகளும் ஃபில்டர்களும் சொட்டு மருந்துப் புட்டிகளும், வாங்கிய வரிசையில், சீல் உடையாமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. தூசிகூட இல்லை, அவ்வப்போது துடைத்திருக்க வேண்டும்.

குளத்தார் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முதல் வருஷம் நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் சார்" என்றார் டாக்டரம்மா. "மீனெல்லாம் போச்சு. அப்புறம் மத்தவங்களோட பேசினதுல புரிஞ்சுது."

"எந்த மத்தவங்க?"

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. குளத்தாரிடம் சாமான் வாங்கியவர்கள் எல்லோரும் வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில், கடையின் தள்ளுவண்டிகளை விட்டுவைக்கிற கூரையின் கீழ் ஒன்று கூடுவார்களாம். உள்ளே அவர் என்ன சொன்னார், அதில் எதைச் செய்யக்கூடாது என்று பேசிக்கொள்வார்களாம். பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித் தருவார்களாம். அந்தக் கூட்டத்தைக் குளத்தாரும் கண்ணாடி வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சரியாகவே ஊகித்து, அடக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப ஏம்மா மாசா மாசம் வந்து வாங்கினீங்க?"

"அவ்வளவு அக்கறையா சொல்வீங்க. வேணாம்னு சொல்ல மனசு வராது. என்கிட்ட வர்றவங்க வாயத் திறக்கவே பயப்படுவாங்க. உங்ககிட்ட வந்தாத்தான் என்னப் பாத்துச் சந்தோஷப்பட ஒருத்தராவது இருக்காரு."

குளத்தாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவமானம் வந்தது, அதன் பின்னாலேயே, மல்லாந்த மீன்களின் ஞாபகமும் வந்தது. வெட்கத்தை விட்டுவிட்டுத் தன் குளத்தின் கதையை முழுதாகச் சொன்னார். டாக்டரம்மா நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அருவிக்கு அடியிலயே பம்ப வச்சா, விழுந்த தண்ணியையே திரும்ப இழுத்துக்கிட்டிருக்கும். மீதிக் குளத்துக்கு அப்படி ஒரு பம்ப் இருக்கிறதே தெரியாது. அப்புறம் அந்த ஸ்பாஞ்சு. வழவழன்னு ஒட்டியிருக்கே, அழுக்குன்னு நினைக்கிறோமே, அதுலதான் மீன் கழிவத் தின்னுற கிருமி இருக்கு. அதுதான் சார் ஃபில்டரே. நீங்க அதத்தான் தினமும் கழுவி ஊத்துறீங்க. குளத்துத் தண்ணியில எப்பவாவது லேசா முக்கி எடுத்தாப் போதும்." சற்று நிறுத்திவிட்டு, "பல்லுன்னா தினமும் தேய்க்கத்தான் சொல்வேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார் குளத்தார். மச்சினன் மறுபடி வந்தான். முதலில் வாங்கிய சின்னப் பம்ப் எதிர்க்கோடிக்குப் போனது. எல்போக்கள் குப்பைக்குப் போயின. பருத்த பைப் வெளிப்படையாகவே, அசிங்கமாகவே கிடந்தது. பேக்கரியில் எண்ணெய் வந்த பெரிய டிரம் ஒன்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அதற்குள் ஸ்பாஞ்சும் கூழாங்கல்லும் அடுக்கினார்கள். பிறகு செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. குளத்தாருக்கு அதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது. காலையில் எழுந்தால் கை தானாக ஸ்பாஞ்சைத் தேடும். மனைவி டிரம் மூடியின் மேல் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டார்.

மழை வந்து போனது. பச்சை வெளிறியது. ஒரு நாள் காலை, மனைவி வேனைக் கிளப்பப் போகிற நேரத்தில் கூப்பிட்டார். தண்ணீருக்கடியில் ஷீட்டின் மடிப்பு தெரிந்தது. மடிப்போரமாக ஒரு மீன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அது மறுகரைக்குப் போய்ச் சேரும் வரை பார்த்தார்கள். அன்றைக்கு ஸ்கூல் வேன் லேட்.

கதை இங்கே நின்றிருந்தால் குளத்தாருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் மறுநாள் கடைக்குப் போய் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்.

பாட்டிலோடு வந்த முதல் ஆளிடம், ஒன்றும் வாங்க வேண்டாம், தீனியைக் குறையுங்கள், ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள், பொறுத்திருங்கள் என்றார். அந்த ஆள் தன் பாட்டிலை அவர் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று மனம் நொந்து போனார். இரண்டாவதாக வந்தவர், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். ஒரு பெரியவர் நேரே முதலாளியிடம் போய், உங்கள் ஆளுக்குத் தொழிலில் பழைய ஈடுபாடு இல்லை, உடம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னபடி கேட்டவர்களோ அதைவிட மோசம். அவர்களுடைய குளங்கள் தெளிந்துவிட்டன. திரும்பி வர அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. வெளியே தள்ளுவண்டிக் கூரையின் கீழே ஆள் குறைந்தது. டாக்டரம்மாவே ஒரு நாள் வந்து, எதிலும் கை வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நீங்க சரியா சொல்ல ஆரம்பிச்சதுல எங்களுக்குப் பேச ஒண்ணுமில்லாமப் போச்சு சார்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார்.

"நீங்க பொய் சொல்லணும்னு நான் சொல்லல. ஆனா உங்களுக்கு விஷயம் தெரியாம இருந்தப்ப எல்லாருக்கும் நல்லா இருந்துச்சு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் குளத்தாருக்கு அது நியாயமாகவே பட்டது. குளப் பிரிவுக்குப் பெயின்ட் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நல்ல கணீரென்ற குரல். குளத்தை எட்டிப் பார்க்காதவர். பெட்டிகளின் பின்பக்கத்தை வாரக் கடைசியில் உட்கார்ந்து படித்துவிட்டார். சீக்கிரமே பாட்டில்கள் வர ஆரம்பித்தன. அவர் குரலுக்குச் சொட்டு மருந்து பெட்டி பெட்டியாகப் போனது.

குளத்தாரைப் பூட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே குளத்தார் என்று கூப்பிட யாருக்கும் காரணமில்லை, பூட்டுக்காரர் என்றார்கள். ஆனால் மனிதர் ஒரு முறை சூடுபட்டவர். தானே மாட்டிப் பார்க்காத எதைப் பற்றியும் இனி வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார். யாராவது ஒரு பூட்டைக் காட்டி இது எப்படி என்று கேட்டால், அடுத்த வாரம் வாங்க, சொல்றேன் என்பார். அன்று சாயங்காலமே அந்தப் பூட்டு அவர் வீட்டுக்கு வரும். முன்கதவு, பின்கதவு, அலமாரி, மாவு டப்பா இருக்கிற ஷெல்ஃப், கடைசியில் குளியலறைக்கு வெளிப்பக்கம் என்று எல்லா இடத்திலும் ஒவ்வொரு விதப் பூட்டு தொங்கியது. ஒன்றுக்கு நம்பர், ஒன்றுக்கு விரல் ரேகை, ஒன்றை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். அவரது விரல் ரேகைக்கு மட்டும் திறக்கிற கதவில் மனைவி மாட்டிக்கொள்வது வாடிக்கையாகிவிட்டது.

போன வாரம் அவர் வேலை முடிந்து வந்தபோது வாசலில் மச்சினன் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். அக்கா உள்ளே இருக்கிறாள், வெளியே வர முடியவில்லை என்றான். குளத்தார் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது, அவசரமே இல்லாமல்.

"மெதுவாத் திறங்க. நான் பின்பக்க ஜன்னல் கிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்து மீனப் பாத்துக்கிட்டிருக்கேன்."